கேரியர் விற்ற உப்பு

மரக்காணத்தில் உப்பு விற்றவர்களிலேயே கேரியரைப் போல ஒரு கெட்டிக்காரர் கிடையாது. அதே மரக்காணத்தில் உப்பு விற்கப் போய்த் தோற்றவர்களில் அவரைப் போல ஒரு மக்கும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அங்கே ஓர் உப்பு வியாபாரியிடம் நான் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். ‘தங்கள் கடிதம் கிடைத்தது, லோடு புறப்பட்டுவிட்டது’ என்று வெளியூர் மளிகைக் கடைகளுக்கு எழுத வேண்டும். பெரும்பாலும் லோடு புறப்பட்டிருக்காது, கடிதம் மட்டும் புறப்பட்டுவிடும். முதலாளி நல்ல மனிதர். திட்டும்போதுகூடக் குரலை உயர்த்தமாட்டார். அதனால் அவர் திட்டியது பல சமயம் எங்களுக்கு மறுநாள்தான் உறைக்கும்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் தங்கியிருந்தேன். விற்பனைக்கென்று புதிதாக வந்து சேர்ந்தவரை முதலாளி என் அறையிலேயே தங்கவைத்தார். முப்பது வயதிருக்கும். ஒல்லி, ஆறடி உயரம். அவ்வளவு உயரத்தைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டவர் போல எந்நேரமும் கொஞ்சம் குனிந்தே நிற்பார். கேரியர் என்ற பெயர் அவருக்கு அப்போது வரவில்லை. ‘புது ஆளு’ என்றுதான் சொல்வோம்.

புது ஆளுக்கு ஒரே ஒரு குறை. கடைக்குள் போனால் வாய் திறக்காது. கடை வாசலில் நிற்பார். பத்து நிமிஷம் கழித்துக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்பார். உப்பு விற்க வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. இவருக்கு அது வாயில் வராது. பதில் சொல்லாமல் நிற்பது மரியாதை இல்லையே என்று எதிரில் எது தெரிகிறதோ அதைக் கைகாட்டுவார். கடைக்காரர் அதைக் கட்டிக் கொடுப்பார். இவர் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்.

காலையில் உப்பு விற்கப் போனவர் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு துடைப்பம், இரண்டு சோப்பு, ஒரு கட்டு ஊதுவத்தி இருக்கும். கடைகளில் துடைப்பத்தை முன்னால்தான் தொங்கவிடுவார்கள் என்பதால் துடைப்பம் அதிகம். மூன்று மாதத்தில் எங்கள் அறையில் பதினோரு துடைப்பம் சேர்ந்துவிட்டது. எட்டடிக்குப் பத்தடி அறை. பெருக்குவதற்கு இடமில்லாத அளவுக்குத் துடைப்பம். சோப்பு விஷயத்தில் எனக்குப் புகார் இல்லை. அந்த மூன்று மாதமும் நான் ஒரு சோப்புகூட வாங்கவில்லை.

ஒரு நாள் விழுப்புரத்திலிருந்து இரண்டு படி உப்பே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குத்தான் முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

“ஏம்பா, உன்னை நான் உப்பு விக்க அனுப்பறனா, கடைக்காரங்களுக்கு யாவாரம் பண்ணிக் குடுக்க அனுப்பறனா?” என்றார், வழக்கம் போல மெதுவாக.

புது ஆள் யோசித்துப் பார்த்து, விற்கத்தான் என்று பதில் சொன்னார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

வேலை போய்விடும் என்று நாங்கள் நினைத்தோம். முதலாளி வேறு கணக்குப் போட்டார். உப்பளத்தில் மூட்டை எண்ணுகிற ஆள் மஞ்சள்காமாலை வந்து ஊருக்குப் போயிருந்தான். அந்த இடத்துக்கு இவரை அனுப்பினார். சுற்றிலும் மூன்று மைலுக்குக் கடை கிடையாது, எதையும் வாங்கித் தொலைக்கமாட்டான் என்று என்னிடம் காரணமும் சொன்னார்.

அங்கே ஐந்து மாதம் இருந்தார். கோடை முழுவதும் அந்த வெள்ளை வெளிச்சத்தில் நின்று கண் இடுங்கிப்போய், முகம் கறுத்து, ஆள் அடையாளம் தெரியாமல் மாறினார். ஆனால் சாயங்காலம் அறைக்கு வந்ததும் பேச ஆரம்பித்துவிடுவார். எல்லாம் உப்புப் பேச்சு. தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு எப்போது விட வேண்டும், எந்தக் காற்றடித்தால் உப்புப் பரல் பெரிதாக விளையும், எந்தக் காற்றுக்குத் தூளாகப் போகும் என்றெல்லாம் மேஸ்திரியிடமும் உப்பு வாருகிற பெண்களிடமும் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருப்பார். உப்பு விளைந்த பிறகு பாத்தியில் கொஞ்சம் கசப்புத் தண்ணீர் நிற்குமாம். அதை வடித்துவிட்டுத்தான் வார வேண்டும். அவசரப்பட்டு அதோடு சேர்த்து வாரினால் பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் வாயில் வைத்தால் கசக்கும், எத்தனை நாள் காயவைத்தாலும் ஈரம் விடாது. இதை அவர் எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். எனக்கு உப்புமாவில் உப்பு சரியாக இருந்தால் போதும் என்கிற அளவுக்குத்தான் அக்கறை. இருந்தாலும் சோப்புக்கு நன்றியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டு கல்லை நாக்கில் வைத்தால் எந்த வரிசைப் பாத்தி என்று சொல்லிவிடுவேன் என்றார் ஒரு நாள். துண்டால் கண்ணைக் கட்டிச் சோதித்தோம். எட்டுப் பொட்டலம் வைத்திருந்தோம். ஏழையும் சரியாகச் சொன்னார். எட்டாவதை நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்து, “இது நம்முது இல்லை” என்றார். அது நான் ஓட்டல் மேஜையிலிருந்து எடுத்து வந்தது.

காமாலை ஆள் திரும்பி வந்ததும் இவர் தானாகவே முதலாளியிடம் போய், மறுபடி விற்கப் போகிறேன் என்றார். அறையில் இன்னொரு துடைப்பத்துக்கு இடமில்லை. கூச்சம் போய்விட்டதா என்று கேட்டேன்.

“அது எங்க போவுது,” என்றார். “என்னைப் பத்திப் பேசத்தான் எனக்குக் கூச்சம். உப்பைப் பத்திப் பேச எனக்கு என்னா கூச்சம்?”

நான்கு அடுக்கு டிபன் கேரியர் ஒன்று வாங்கினார். அடியில் கடைக்கான வெள்ளைப் பரல், அதற்கு மேல் கருவாட்டுக்கான பெரிய கல், அதற்கு மேல் ஐஸ் தொழிற்சாலைக்கான பழுப்பு, உச்சியில் தூள். தன் மதியச் சாப்பாட்டை இரண்டு வாழைப்பழமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முதல் நாள் திண்டிவனத்தில் ஒரு மொத்த வியாபாரி கடைக்குப் போயிருக்கிறார். அந்த வியாபாரி வெளியூர் உப்பைத் தவிர வேறெதையும் தொடாதவர். நேரம் மத்தியானம் ஒரு மணி. கேரியரும் கையுமாக ஒரு நெட்டை மனிதர் வந்து நிற்பதைப் பார்த்து, பாவம், உட்கார்ந்து சாப்பிட இடம் தேடுகிறார் போல என்று நினைத்து, கடைக்குள்ளேயே ஓர் இலையைப் போடச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்வது நம் ஆளுக்குத் தெரியாத வித்தை. உட்கார்ந்தார். கேரியரைத் திறந்து நான்கு அடுக்கிலிருந்தும் உப்பை அள்ளி இலையில் நான்கு குவியலாக வைத்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவர் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு கல் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் எங்கே, எப்படி, எதற்காக விளைந்தது என்று சொல்லி முடித்தார். பிறகு இரண்டு லோடு ஆர்டரோடு எழுந்து வந்தார். கேரியர் என்ற பெயர் அன்றைக்கு அந்த இலையில் பிறந்தது.

மறுமாதம் அதே வியாபாரி, உங்கள் உப்பில் ஈரம் இருக்கிறதே என்று குறை சொன்னார். கேரியர் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தார். ஈரம்தான், பத்து நாள் காய வேண்டியதை முதலாளி அவசரப்பட்டு ஏற்றிவிட்டார், இப்போது எடுக்காதீர்கள் என்று சொல்லி, வந்த லோடைத் திருப்பி அனுப்பினார். அந்த வியாபாரி அதற்குப் பிறகு வேறு யாரிடமும் உப்பு வாங்கவில்லை.

புதுச்சேரியில் ஓர் ஐஸ் தொழிற்சாலை எங்களிடம் முதல் தர வெள்ளை உப்பு வாங்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் கரைக்கப் போகிற உப்புக்கு நிறம் எதற்கு என்று கேட்டுப் பழுப்பு உப்புக்கு மாற்றிவிட்டார். வெள்ளை வாங்கியதைப் போல இரண்டு மடங்கு பழுப்பு வாங்கினார்கள். பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு தொழிற்சாலைகளும் அவரைத் தேடிக் கடிதம் போட்டன. பதில் எழுதி எழுதி என் விரல் காய்த்துப்போனது. லோடு உண்மையாகவே புறப்பட ஆரம்பித்துவிட்டதால் எழுதுவதில் எனக்கு ருசியும் போய்விட்டது.

இதெல்லாம் ஒரு வருஷம். நல்ல வருஷம்.

அடுத்த வருஷம் முதலாளி அவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்துதான் என்று நான் நினைக்கிறேன். முதலாளி, அந்தக் கறுப்புக் கண்ணாடியிலிருந்து என்பார். எதிலிருந்து என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு நாள் பார்த்தால் ஆறடி உயரமும் நிமிர்ந்து நின்றது. யானைக்கால் அகலத்தில் பெல்பாட்டம் வந்தது. அது மோட்டார் சைக்கிள் சங்கிலியில் வாரத்துக்கு ஒரு முறை மாட்டிக்கொள்ளும். தன்னையே ‘கேரியர்’ என்று மூன்றாவது ஆள் போலச் சொல்ல ஆரம்பித்தார். “கேரியர் போயி வேணாம்னு சொன்ன கடை ஒண்ணு காட்டு” என்பார், பல் தேய்த்துக்கொண்டிருக்கும் என்னிடம். நான் வாயில் நுரையோடு எந்தக் கடையைக் காட்டுவது?

அறையில் இருந்த பதினோரு துடைப்பத்தையும் ஒரே வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் விற்றுத் தீர்த்தார். பயிற்சிக்காக என்றார். இரண்டை நான் வாங்கினேன். வாங்கிக்கொண்டு போய் வைக்க எனக்கும் அதே அறைதான். அது அவர் என்னிடம் அடைந்த மாபெரும் வெற்றி.

ஊர் டென்ட் கொட்டகையில் இடைவேளையில் போடுகிற விளம்பர சிலைடில் தன் படத்தைப் போட ஏற்பாடு செய்தார். ‘உப்பு என்றால் கேரியர்’ என்று கீழே எழுத்து. முதல் நாள் அலுவலகமே போய் மணலில் உட்கார்ந்தோம். ஆப்பரேட்டர் சிலைடைத் தலைகீழாகச் செருகிவிட்டான். கறுப்புக் கண்ணாடியோடு கேரியர் திரையில் தலைகீழாகத் தொங்கினார். ஜனங்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை அவர் எழுந்து நின்று கும்பிட்டு ஏற்றுக்கொண்டார். முந்தைய வருஷமாக இருந்தால் கொட்டகையின் படுதாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருப்பார்.

அதே சமயத்தில்தான் டிபன் கேரியர் அலுவலகத்து ஆணியில் தொங்க ஆரம்பித்தது. மாதிரி காட்டிக்கொண்டிருப்பது புது ஆட்கள் செய்வது, நான் போய் நின்றாலே போதும் என்றார். உண்மையில் போதுமாகத்தான் இருந்தது. அவர் போய் நின்ற கடையெல்லாம் வாங்கியது. உப்பு நல்ல உப்பாக இருந்ததால் வாங்கினார்களா, இவர் நின்றதால் வாங்கினார்களா என்று பிரித்துப் பார்க்க அந்த வருஷம் சந்தர்ப்பம் வரவில்லை. வந்தபோது அது ஆவணிக் கடைசியில் ஒரு மழையாக வந்தது.

கோடை மழைக்கு எல்லாரும் தயாராக இருப்பார்கள். அது எதிர்பாராத மழை. வாரிக் குவித்து இன்னும் ஓலை மூடாத ஓர் அம்பாரம் நனைந்துவிட்டது. பாதி கரைந்து ஓடியது. மீதியைக் காப்பாற்றுகிற அவசரத்தில், பாத்தியில் கிடந்ததையும் கசப்புத் தண்ணீரை வடிக்காமல் வாரி அதன்மேலேயே கொட்டிவிட்டார்கள். மழை விட்டு வெயில் அடித்ததும் மேலாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேஸ்திரி வந்து, இதை மனுஷர் வாயில் வைக்க முடியாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். தென்னந்தோப்புக்குப் போட்டுவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார்.

“தென்னைக்கு ஏன் போடணும்?” என்றார் கேரியர். “நான் எதுக்கு இருக்கிறேன்?”

யாரிடம் விற்பாய் என்று முதலாளி கேட்டார். எக்கியார்குப்பத்தில் கருவாடு போடுகிறவர்களிடம் என்றார். அவர்கள் உப்பு தெரிந்தவர்கள் ஆயிற்றே என்று முதலாளி தயங்கினார். உப்பையும் தெரியும், கேரியரையும் தெரியும் என்று இவர் சிரித்தார். முதலாளி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதை இப்போது நினைத்தால், அவர் மேலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. நானும் அங்கேதான் உட்கார்ந்து பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் குப்பத்துக்கு அவர் என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார். பார்த்துக் கற்றுக்கொள் என்றார். கருவாடு போடுகிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி தனபாக்கியம் என்று ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். மழைக்காலத்தில் மூன்று மாதம் படகு சரியாகக் கடலுக்குள் போகாது. அந்த மூன்று மாதத்தையும் அங்கே பல குடும்பங்கள் புரட்டாசியில் போட்டுவைக்கிற கருவாட்டை விற்றுத்தான் கடத்தின. அதனால் அந்தச் சமயத்து உப்பை அந்த அம்மாள் பார்த்துத்தான் வாங்குவார். அன்றும் பார்த்தார். சாக்குக்குள் கையைவிட்டு, விரலைத் தேய்த்துப் பார்த்து, கொஞ்சம் பிசுபிசு என்று இருக்கிறதே என்றார். வாயில் போட்டுப் பார்த்தாயா தம்பி என்று கேட்டார்.

கேரியர் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

“நான் சொன்னாப் போதாதா அக்கா?” என்றார்.

போன வருஷம் இவர் கொடுத்த உப்பில் ஒரு மீன் வீணாகவில்லை. அந்த நினைப்பில் தனபாக்கியம் அம்மாள், நீ சொன்னால் சரி என்று எல்லாச் சாக்கையும் இறக்கிக்கொள்ளச் சொன்னார். திரும்பும் வழியில் கேரியர் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார். பார்த்தாயா, பேரு வித்திருச்சு என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அலுவலக வாசலில் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. தனபாக்கியம் அம்மாளும் நான்கு பெண்களும் கூடை கூடையாக இறக்கி உள்ளே கொண்டுவந்து கேரியரின் மேஜை மேலும் கீழும் வைத்தார்கள். வாளையும் சுறாவும். காயவே இல்லை. வழுவழுவென்று, சிவந்துபோய், புழு வைத்திருந்தது. மூச்சு விட முடியவில்லை. தெருப் பூனைகள் நான்கைந்து வாசலுக்கு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

சண்டை வரும் என்று நாங்கள் எழுந்து நின்றோம். சண்டை வரவில்லை. கேரியர் ஏதோ ஆரம்பித்தார். இந்த வருஷம் காற்றிலேயே ஈரம் என்றோ என்னவோ. அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ சொன்னேன்னு வாங்கினோம். இப்ப இதை வித்துக் குடு,” என்றார். “நீ எதை வேணாலும் விப்பியாமே.”

அவ்வளவுதான். ஐந்து பேரும் வெளியே போய் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

முதலாளி எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். கேரியர் கொடவுனுக்குப் போனார். அந்த அம்பாரத்து உப்பு ஒரு சாக்கு மிச்சம் இருந்தது. நான் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். இன்னொரு கல்லை எடுத்து வைத்தார். அதையும் துப்பிவிட்டு, சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அதை நான் அவர் முகத்தில் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் புதைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். விற்றுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களே என்றார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்கிற அந்தப் பழைய கண்டிப்பு.

அந்த வாரச் சந்தைக்குக் கூடைகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு பெருமுக்கல் பக்கம் போனோம். மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. நானும் போனேன். அதற்குக் காரணம் நட்பு என்று சொல்ல ஆசைதான். அவரை வைத்து நாங்கள் அடித்த கிண்டலுக்கெல்லாம் நேரில் ஒரு முடிவு பார்க்க வேண்டும் என்கிற ஆவலும் இருந்தது.

சந்தையில் எங்களுக்கு யாரும் பக்கத்தில் இடம் தரவில்லை. நாற்றம் அப்படி. ஒதுக்குப்புறமாக ஒரு புளியமரத்தடியில் கூடைகளை இறக்கினோம். கேரியர் குனிந்து நின்றார். ஒரு மணி நேரம் அவர் வாய் திறக்கவில்லை. எதிர்க் கடையில் துடைப்பம் தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போய் வாங்கிவிடுவாரோ என்று நான் உண்மையிலேயே பயந்தேன்.

கடைசியில் ஒரு வயதான விவசாயி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, கருவாடு என்ன விலை என்று கேட்டார்.

“இது திங்க ஆவாதுங்க,” என்றார் கேரியர்.

அப்புறம் எதற்கு இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர் கேட்டார்.

“உரத்துக்கு ஆவும். ஆனா நெலத்துல அப்படியே போட்றாதீங்க, உப்பு இருக்குது. ஒரு மழையில நனைய விட்டுட்டு, தென்னங்குழியில போடுங்க. மல்லாட்டைக்கு வேணாம், கடலைச் செடி உப்பு தாங்காது.”

எப்படிக் கெட்டது என்று விவசாயி விடாமல் கேட்டார். கேரியர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“உப்பு கெட்ட உப்புங்க. நான்தான் வித்தேன்.”

விவசாயி துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். அப்படியே நின்று இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு சிரித்தார். திரும்பி, தூரத்தில் நின்ற இரண்டு பேரைக் கையாட்டிக் கூப்பிட்டு, இங்கே ஒருத்தன் தன் சரக்கைத் தானே கெட்டது என்று சொல்லி விற்கிறான், வந்து பாருங்கள் என்றார். அவர்களும் வந்தார்கள். அவர்களிடமும் சொன்னார். கூட்டம் கூடியது. ஒவ்வொருவரும் எப்படிக் கெட்டது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னார், நான்தான் விற்றேன் என்பது உட்பட. நான்காவது தடவை சொல்லும்போது குரல் தெளிந்துவிட்டது. எட்டாவது தடவைக்குள் நிமிர்ந்து நின்றுவிட்டார். மீனெருவைப் பற்றி, மண்ணைப் பற்றி, எந்த மரத்துக்கு எத்தனை அடி தள்ளிக் குழி எடுப்பது என்பதைப் பற்றிப் பேசினார். இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். போன இரண்டு நாளாக அறையில் இல்லாமல் எங்கே சுற்றினார் என்பது அப்போதுதான் விளங்கியது. தோப்பு தோப்பாகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். தன்னைப் பற்றி இவ்வளவு கெட்டதைத் தானே சொல்கிறவன் எருவைப் பற்றிப் பொய் சொல்லமாட்டான் என்று அந்த ஜனங்கள் நினைத்திருக்க வேண்டும். வெயில் சாய்வதற்குள் எல்லாக் கூடையும் காலி.

எருவுக்கு வந்த காசு கருவாட்டுக்கு ஈடாகாது. அதற்காக மோட்டார் சைக்கிளை விற்கப் போனார். முதலாளி வாங்கிக் கொடுத்த வண்டிதான், ஆனால் கேட்டதற்கு முதலாளி மறுப்புச் சொல்லவில்லை. மேற்கொண்டு நல்ல உப்பு ஒரு லோடு ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டு, மறுபடியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். வண்டியை வாங்க வந்த ஆளிடம் கேரியர் முதலில் சொன்னது, பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவன் அதற்காகவே வாங்கினான். மற்றவர்களெல்லாம் பிரேக்கைப் பற்றிப் பேசவே இல்லை என்றான்.

பணத்தையும் உப்பையும் எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனபோது தனபாக்கியம் அம்மாள் வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்பு என்று இவர் ஆரம்பித்ததையும் காதில் வாங்கவில்லை. அந்த மழைக்காலம் அவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் கொடுத்தது அதில் எவ்வளவு தூரம் போயிற்று என்று எனக்குத் தெரியாது, கேட்கிற தைரியமும் இல்லை.

அடுத்த பருவத்தில் முதலாளி குப்பத்துக்கு வேறொரு ஆளை அனுப்பினார். நல்ல பேச்சுக்காரன், சிரித்த முகம். மறுநாள் தனபாக்கியம் அம்மாளே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். இவன் வேண்டாம், அந்த நெட்டையனை அனுப்புங்கள் என்றார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவன்தானே உங்களை ஏமாற்றியது என்று நினைவுபடுத்தினார்.

“ஆமா. அவன் இன்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியும்,” என்றார் அந்த அம்மாள். “இவன் இன்னா பண்ணுவான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

பக்கத்து மேஜையில் இருந்த கேரியர் அதைக் கேட்டுக்கொண்டு குனிந்தபடி எழுந்து ஆணியில் இருந்த டிபன் கேரியரை எடுத்தார். அன்றைக்கு அந்த அம்மாள் எல்லாச் சாக்கிலிருந்தும் ஒவ்வொரு கல்லாக அவரைச் சாப்பிடவைத்ததாகச் சொன்னார்கள். இரவு வரைக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு எத்தனையோ வருஷம் அந்தக் குப்பத்துக்கு அவர்தான் உப்பு கொடுத்தார். தன்னைக் கேரியர் என்று தானே சொல்லிக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டார். மற்றவர்கள் விடவில்லை.

எழுபதுகள் முடிவதற்குள் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, மரக்காணத்தைவிட்டு வந்துவிட்டேன். ஒரு முறை அவர் ஏதோ வேலையாகச் சென்னைக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். அவரைப் பற்றி என் மனைவியிடம் நான் நிறையச் சொல்லிவைத்திருந்தேன். அவள் ஒரு பெரிய பேச்சாளரை எதிர்பார்த்தாள். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, போட்டதைச் சாப்பிட்டு, குழந்தையின் தொட்டிலை ஆட்டிவிட்டு, மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். இவரா அவ்வளவு பெரிய விற்பனைக்காரர் என்று அவள் கேட்பாள் என நினைத்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் அதைக் கேட்கவில்லை. சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு வந்து, “அவர் மறுபடி எப்ப வருவாரு?” என்று கேட்டாள். நானும் காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.